விர்ஜில் ஓல்ட்மேன் ஏமாந்த விதம்: 'தி பெஸ்ட் ஆஃபர்' படத்தின் முழு நிகழ்வு ஆய்வு

கொலை இல்லை. துரத்தல் இல்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓவியங்கள் அத்தனையும் ஒரே வீச்சில் காணாமல் போகின்றன. அந்த அறைக்குள் போகும் வழியைத் திருடர்களுக்குக் காட்டியவர் அவரே. காட்டிய நேரத்தில் அவர் காதலித்துக்கொண்டிருந்தார்.

ஜூசெப்பே டோர்னத்தோரே எழுதி இயக்கிய 'லா மிலியோரே ஒஃபெர்த்தா' 2013 ஜனவரி 1 அன்று இத்தாலியில் வெளியானது. வசனங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் வெளியுலகம் அதை 'தி பெஸ்ட் ஆஃபர்' என்ற பெயரில் அறிந்தது. அந்த ஆண்டு இத்தாலியின் தாவித் தி தொனாத்தெல்லோ விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த இசை உட்பட ஆறு விருதுகளை வாங்கியது. 'சினிமா பாரடைசோ' எடுத்த அதே இயக்குநர்தான். ஆனால் அந்தப் படத்தின் கனிவை எதிர்பார்த்து இதில் உட்கார்ந்தால் கை சுட்டுவிடும்.

இது படத்தின் விமர்சனம் இல்லை. நடந்தது ஒரு மோசடி என்று எடுத்துக்கொண்டு, அதை வழக்குக் கோப்பு போலப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். அதனால் முடிவு உட்பட எல்லாமே இங்கே உடைபடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பதே நல்லது.

ஏமாந்தவர் யார்

விர்ஜில் ஓல்ட்மேன் (ஜெஃப்ரி ரஷ்) ஐரோப்பாவின் பேர்பெற்ற ஏலக்காரர். மேடையில் நின்று 'ஒரு தரம், இரண்டு தரம்' சொல்பவர் மட்டுமல்ல. ஒரு பொருளைக் கண்ணால் அளந்து இது அசல், இது நகல், இது இன்னாருடைய பட்டறையில் செய்தது என்று தீர்ப்புச் சொல்பவர். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

அவர் யாரையும் வெறுங்கையால் தொடுவதில்லை. எப்போதும் கையுறை. வீட்டில் ஒரு அலமாரி முழுக்க கையுறைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். தலைமுடிக்குச் சாயம் பூசுவார். உணவகத்தில் அவருக்கென்று பெயரின் முதலெழுத்து பொறித்த தட்டும் கோப்பையும் தனியாக உண்டு. பிறந்தநாளுக்கு முந்தைய இரவில் உணவகத்தார் அன்போடு கேக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நாள் இன்னும் பிறக்கவில்லை என்று அதைத் தொடாமலே எழுந்து போகிறார். அந்த ஒரு காட்சியிலேயே ஆளை நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர். கொடுக்கப்படும் அன்பை வாங்கிக்கொள்ளக்கூட இவருக்கு ஒரு விதி வேண்டியிருக்கிறது.

கையுறை அலமாரிக்குப் பின்னால் ஒரு இரகசிய அறை. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, பெண்களின் உருவப்படங்கள். வெவ்வேறு நூற்றாண்டுகள், வெவ்வேறு கைகள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இரவில் அதில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் எனியோ மொரிக்கோனேயின் இசை செய்வதைக் கவனியுங்கள். தனித்தனிப் பெண் குரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு கூட்டமாகின்றன. படங்கள் பேசத் தொடங்கிவிட்டதுபோல் இருக்கும். அந்த ஆண்டு ஐரோப்பியத் திரைப்பட விருதுகளிலும் சிறந்த இசையமைப்பாளர் விருதை இந்தப் படம் மொரிக்கோனேவுக்குத் தந்தது.

ஏமாந்தவரின் சொந்தக் குற்றம்

இத்தனை ஓவியங்கள் அவர் கைக்கு எப்படி வந்தன? இங்கேதான் வழக்கு சுவாரஸ்யமாகிறது.

ஓவியச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது படம் மட்டுமில்லை, அதன் கீழே எழுதப்படும் பெயர். 'சல்வாத்தோர் முந்தி' என்ற கிறிஸ்து ஓவியம் 1958-ல் லண்டனில் நகலாகக் கருதப்பட்டு வெறும் 45 பவுண்டுக்கு ஏலம் போனது. அதே படம், லியனார்டோ டா வின்சியின் கை என்ற அடையாளத்தோடு 2017-ல் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விற்றது. நடுவில் சுத்தம் செய்தார்கள், பழுது பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் விலையைத் தூக்கியது பெயர்.

விர்ஜில் இந்தப் பெயர் சூட்டும் அதிகாரத்தைத்தான் திருடப் பயன்படுத்துகிறார். உண்மையில் பெரிய ஓவியர் வரைந்த பெண் உருவப்படம் ஒன்று கையில் கிடைத்தால், சிறிய ஓவியர் வரைந்தது என்றோ போலி என்றோ பட்டியலில் போடுவார். ஏலத்தன்று கூட்டத்தில் அவருடைய பழைய நண்பர் பில்லி விஸ்லர் (டொனால்ட் சதர்லேண்ட்) உட்கார்ந்திருப்பார். பில்லி குறைந்த விலைக்குக் கேட்பார், விர்ஜில் மூன்றாம் தரம் சொல்லிக் கட்டையைத் தட்டுவார். இரவில் படம் கைமாறும். பில்லிக்குப் பங்குத்தொகை.

பிளாண்டர்ஸ் ஓவியர் பெத்ருஸ் கிறிஸ்டஸ் 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த இளம்பெண்ணின் உருவப்படம் ஒன்று உண்டு. அசல் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், முழு நம்பிக்கை வைக்காத பார்வை. கதையில் அதுவும் இந்தத் தந்திரத்தில் சிக்குகிறது. பில்லி ஒருமுறை கேட்கத் தாமதித்து வேறொருவரிடம் விட்டுவிடும்போது விர்ஜில் பொங்கும் ஆத்திரத்தைப் பார்த்தால், இவருக்கு இது பணவிஷயமே இல்லை என்பது புரியும்.

பில்லி யார்? தானும் ஓவியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். விர்ஜில் அவரிடம் திறமை இருப்பதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பல்லாண்டுக் கூட்டாளி, ஆனால் படைப்பாளியாக அவரை விர்ஜில் கணக்கிலேயே எடுக்கவில்லை. வழக்கின் வேர் இதுதான்.

தூண்டில் எப்படிச் செய்யப்பட்டது

ஒரு பெண் தொலைபேசியில் அழைக்கிறாள். பெயர் க்ளேர் இபெட்சன் (சில்வியா ஹூக்ஸ்). பெற்றோர் இறந்துவிட்டார்கள், மாளிகையில் உள்ள பொருள்களை மதிப்பிட்டு விற்றுத்தர வேண்டும். சந்திக்க நாள் குறிக்கிறாள், வரவில்லை. கோபத்தோடு விலகுகிறார். மறுபடி அழைத்து, விபத்து என்று அழுகிறாள். மறுபடி வரச் சொல்கிறாள். மறுபடி ஆள் இல்லை. காவல்காரரைக் கேட்டால், இத்தனை வருஷத்தில் அவரே அவளைக் கண்ணால் பார்த்ததில்லை என்கிறார்.

சாதாரண மோசடி என்றால் அழகான பெண்ணை முதலில் காட்டியிருப்பார்கள். இங்கே அவளைக் காட்டவே இல்லை. காரணம் எளிது. விர்ஜில் நேரில் வரும் பெண்களைக் கண்டு ஒதுங்குபவர். சட்டகத்துக்குள் இருக்கும் பெண்களை மட்டும் நேசிப்பவர். அதனால் அவருக்கு ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கும் பெண் தேவை. க்ளேருக்கு அகோரஃபோபியா, அதாவது வெளியிடங்களைக் கண்டு அஞ்சும் நோய். பதின்ம வயதிலிருந்தே அறையை விட்டு வந்ததில்லை என்பது கதை. அவள் இருக்கும் அறையின் கதவே தெரியாத மாதிரி சுவரில் கண்ணை ஏமாற்றும் ஓவியம் தீட்டியிருக்கிறது. ஓவியத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல்! இதைவிடத் துல்லியமாக ஒரு மனிதனுக்கென்று அளவெடுத்துத் தூண்டில் செய்ய முடியாது.

பெண் மட்டும் போதாது என்பது இந்தத் திட்டத்தைப் போட்ட பில்லியின் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வருகையிலேயே மாளிகையின் தரையில் துருப்பிடித்த பற்சக்கரம் ஒன்று கண்ணில் படுகிறது. அடுத்தமுறை இன்னொன்று. விர்ஜில் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதையும் சரிசெய்யும் இளைஞன் ராபர்ட்டிடம் (ஜிம் ஸ்டர்ஜஸ்) கொடுக்கிறார். சேரச் சேர அது 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கைவினைஞர் ஜாக் தெ வோகான்சோன் செய்த இயந்திர மனிதன் என்று தெரியவருகிறது.

வோகான்சோன் கற்பனை ஆள் இல்லை. 1738-ல் பாரிஸில் உண்மையாகவே குழல் ஊதும் இயந்திர மனிதனைக் காட்சிக்கு வைத்தவர். அடுத்த ஆண்டு தின்று கழிக்கும் வாத்து ஒன்றையும் காட்டினார். அந்த இயந்திரங்கள் இன்று இல்லை. அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மதிப்பீட்டாளருக்கு அது பிறவிப்பயன். ஆக விர்ஜில் அந்த மாளிகைக்குத் திரும்பத் திரும்பப் போக இரண்டு காரணங்கள் அமைகின்றன. ஒன்று அவர் தனக்கே ஒப்புக்கொள்ளாதது. மற்றது அதற்குச் சாக்கு. காதலுக்காகப் போகிறோம் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்படுபவரிடம் 'வேலை இருக்கிறது' என்ற சாக்கை எதிராளியே கையில் கொடுத்துவிடுகிறான். இந்த மோசடியிலேயே மிகக் கூர்மையான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ராபர்ட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அவனுடைய இரண்டாவது வேலை, காதல் ஆலோசகன். பூ கொடுங்கள், அவள் சொல்வதற்கு எதிர்பாராத பதில் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள். தன் வாழ்க்கையில் யாரிடமும் யோசனை கேட்காத மனிதர் இந்தப் பையனிடம் வந்து நின்று கேட்கிறார். என்ன நடக்கிறது என்ற தகவல் முழுவதும் இவராலேயே தினமும் எதிர்முகாமுக்குப் போய்ச்சேர்கிறது. உளவாளியே தேவைப்படவில்லை.

பூட்டு திறக்கும் வரிசை

ஒருநாள் விர்ஜில் போய்விட்டதுபோல் கதவைச் சாத்திவிட்டு, சிலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவளைப் பார்க்கிறார். தான் அவளைக் கள்ளத்தனமாகப் பார்த்துவிட்டதாக அவர் நம்புகிறார். உண்மையில் அவர் பார்க்கும்படி அவள் நடந்திருக்கிறாள். இதற்குப் பிறகு அவர் மனதில் குற்றவுணர்வு சேர்கிறது. ஏமாற்றப்படுபவர் தான்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பலமான பிடி!

அப்புறம் மழையிரவு. மாளிகைக்கு வெளியே சிலர் அவரை அடித்துப் போடுகிறார்கள். வருடக்கணக்காக வெளியே வராதவள் அவருக்காகக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவருகிறாள். அதோடு முடிந்தது. தன்னால் ஒருத்தி குணமானாள் என்று நம்பும் மனிதனிடம் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

கையுறை கழன்றுவிடுகிறது. முடியின் சாயம் போகிறது. மாளிகைப் பொருள்களை விற்க வேண்டாம் என்கிறாள், மறுபேச்சில்லாமல் விட்டுவிடுகிறார். ஒரு வியாபாரி இத்தனை மாத வேலையைக் கைவிடும் காட்சியை நாம் காதலின் வெற்றியாகப் பார்த்து மகிழ்கிறோம். விற்பதற்கு அங்கே யாருக்கும் உரிமையே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது. கடைசியில் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், அலமாரியைத் திறந்து, அந்த அறையைக் காட்டுகிறார். இந்த முகங்கள்தான் உனக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தன என்கிற பொருளில் அவளிடம் பேசுகிறார். அவர் வாழ்க்கையிலேயே உண்மையான, மிக அழகான வாக்குமூலம் அது. கதவு திறக்கும் வழியையும் அதே நேரத்தில் காட்டிவிட்டார்.

கண்முன் இருந்த சாட்சியங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது அதிர்ச்சி தருவது, படம் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை என்பதுதான். பில்லி அவரிடம் நேருக்கு நேர் சொல்கிறார்: உணர்ச்சிகளும் கலைப்படைப்பு போலத்தான், எதையும் போலியாகச் செய்யலாம், மகிழ்ச்சி, வலி, நோய், நோயிலிருந்து குணமாவது, காதலைக்கூட. இது ஒப்புதல் வாக்குமூலம்! நோயையும் குணத்தையும் பட்டியலில் சேர்த்தே சொல்கிறார். விர்ஜில் இதைத் தத்துவப் பேச்சு என்று கடந்துபோகிறார், நாமும்தான்.

மாளிகைக்கு எதிரே உள்ள மதுக்கடையில் குள்ளமான ஒரு பெண் தினமும் உட்கார்ந்து எண்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். எதையும் எண்ணி நினைவில் வைத்திருக்கும் அபூர்வ மூளை. யாரும் அவளை ஒரு ஆளாக மதித்துக் கேட்பதில்லை. எல்லாம் முடிந்தபின் விர்ஜில் முதல்முறையாக அவளிடம் பேசுகிறார். மாளிகையில் இருந்தவள் எத்தனை முறை வெளியே வந்து போனாள் என்று கணக்குச் சொல்கிறாள். உண்மையான க்ளேர் இந்தக் குள்ளப் பெண்தான்; மாளிகையின் சொந்தக்காரி. அதை வாடகைக்கு விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

இங்கே எனக்கு 1770-ல் வியன்னா அரசவையில் கெம்பெலன் என்ற கண்டுபிடிப்பாளர் காட்டிய சதுரங்கம் ஆடும் 'துருக்கியர்' பொம்மை நினைவுக்கு வரும். இயந்திரம் தானாக யோசிக்கிறது என்று ஐரோப்பாவே வாய்பிளந்தது. உள்ளே ஒரு மனிதர் மறைந்திருந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தார். இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் மனிதர் தெரியமாட்டார். விர்ஜிலும் பற்சக்கரங்களுக்குள் உண்மையைத் தேடினார். அது தெருவுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

களவும் அதன் பிறகும்

லண்டனில் கடைசி ஏலம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பில்லியும் வருகிறார், நீ மட்டும் என்னை நம்பியிருந்தால் நான் பெரிய ஓவியனாகியிருப்பேன் என்கிற ஆதங்கத்தைச் சொல்லி விடைபெறுகிறார். வீடு திரும்பினால் க்ளேர் இல்லை. அறை வெறுமை. சுவரில் ஒரு முகமும் இல்லை. உள்ளே முழுதாகப் பொருத்தப்பட்ட இயந்திர மனிதன் மட்டும் நின்று, ராபர்ட்டின் பதிவான குரலில் விர்ஜிலின் சொந்த வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறது: ஒவ்வொரு போலிக்குள்ளும் ஏதோ ஒரு அசல் ஒளிந்திருக்கும்.

போலீஸுக்குப் போகலாமே? போகிறார். வாசல்வரை போகிறார். உள்ளே நுழையாமல் திரும்புகிறார். இந்தச் சின்னக் காட்சியை மனம் உடைந்தவரின் தயக்கமாகப் பலரும் பார்ப்பதுண்டு. எனக்கு அது சட்டக் காரணமாகவும் தெரிகிறது. புகார் கொடுத்தால் முதல் கேள்வி, இந்தப் படங்கள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பது. ஏலத்தில் வாங்கியவர் பெயர் பில்லி விஸ்லர். போலி என்று சான்று எழுதியவர் விர்ஜில் ஓல்ட்மேன். திருட்டுப்பொருளைத் திருடினால் புகார் வராது என்பதைத் திட்டம் போட்டவர்கள் முதல் நாளே கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஓட்டைகளும் உண்டு. இத்தனை மாதம் ஒருவரும் உளறாமல் நடிப்பது, மாளிகை முழுக்கப் பழம்பொருள் நிரப்பும் செலவு, தற்செயலாக யாரும் குறுக்கே வராதது ஆகியவை நம்பக் கடினம். நடைமுறை மோசடி ஒன்றை இவ்வளவு அடுக்கி நடத்த முடியாது. ஆனால் உணர்வுத் தளத்தில் ஒரு படிகூடப் பிசகவில்லை. தனிமை, பெருமிதம், சாக்கு, குற்றவுணர்வு, காப்பாற்றிய பெருமை, கடைசியில் முழு நம்பிக்கை என்று அது ஏறும் வரிசை, காதலின் பேரில் ஏமாந்த யாரைக் கேட்டாலும் அடையாளம் சொல்லக்கூடியது.

அசல் எது?

படத்தின் கடைசிப் பகுதி காலத்தைக் கலைத்துப்போட்டுக் காட்டுகிறது. ஒருபுறம் மருத்துவ இல்லத்தில், சுழலும் வளையக் கருவியில் கட்டப்பட்டுத் தலைகீழாகச் சுற்றும் விர்ஜில். மறுபுறம் பிராக் நகரில், க்ளேர் ஒருகாலத்தில் மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்ன 'நைட் அண்ட் டே' உணவகத்தைத் தேடிப் போகும் விர்ஜில். சுவரெங்கும் கடிகாரங்கள். இடம் உண்மையிலேயே இருக்கிறது. தனியாகவா வந்திருக்கிறீர்கள் என்று பணியாளர் கேட்கிறார். ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்கிறார்.

மருத்துவ இல்லம் முன்னா, பிராக் முன்னா? படம் சொல்லவில்லை. பிராக் போய்க் காத்திருந்து ஏமாந்து மனம் சிதைந்தார் என்றால் இது துயரக்கதை. குணமாகி எழுந்து பிராக் போனார் என்றால் அது ஒரு தீர்மானம். நான் இரண்டாவதின் பக்கம். அவர் செய்வது பித்துப்பிடித்த செயல் இல்லை, தொழில். ஒரு போலி கையில் கிடைத்தால் அதில் அசலான பகுதி எது என்று தேடுவதுதான் அவர் வேலை. 'நமக்கு என்ன நடந்தாலும் நான் உன்னை நேசிக்கிறேன்' என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். மோசடிக்கு அந்த வாக்கியம் தேவைப்படவில்லை. அவள் சொன்ன கதைகளில் இந்த உணவகம் மட்டும் பொய்யில்லை. கையில் இருக்கும் தடயம் இந்த இரண்டும்தான். அதைப் பின்தொடர்கிறார்.

ஆனால் வழக்கில் சந்தேகமே இல்லாத அசல் இன்னொன்று இருக்கிறது. க்ளேரின் தாய் என்று சொல்லப்பட்ட நாட்டியக்காரியின் உருவப்படம். மாளிகையில் விர்ஜில் அதைப் பார்த்திருக்கிறார். ஓவியங்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனவர்கள் இந்த ஓவியத்தை மட்டும் அவருக்கு விட்டுப்போகிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்புறம் விர்ஜிலுக்கு அன்போடு என்று பில்லியின் கையெழுத்து.

ஐந்நூறு ஆண்டுக்கு முன் செத்துப்போன ஓவியனின் தூரிகையை ஒரு பார்வையில் சொல்லிவிடும் கண், வாழ்நாள் நண்பனின் கையை நேருக்கு நேர் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. பில்லி பணத்துக்காக மட்டும் இதைச் செய்திருந்தால் அந்தப் படத்தை விட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு குற்றவாளி கையொப்பமிட்ட சாட்சியத்தைத் தானே வைத்துவிட்டுப் போவதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மதிப்பீடு. சுவரில் இருந்த மற்ற எல்லோரையும் அகற்றிவிட்டு, தன் ஓவியம் ஒன்றை மட்டும் விர்ஜிலின் முன்னால் நிறுத்தினால்தான் அது கிடைக்கும் என்று அவர் முடிவுசெய்திருக்கிறார். விர்ஜில் அந்தப் படத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை டோர்னத்தோரே கடைசிவரை நமக்குச் சொல்வதில்லை. களவுபோன ஓவியங்கள் எங்கே என்பதையும்தான்.